ஃபார்மட் போடுவதற்கு முன்னால்: டிசைன் சாஃப்ட்வேரில் திரை தகராறு செய்தால் எங்கே தேடுவது?

வைகாசி முதல் தேதிக்கு முந்தைய வாரம் எங்கள் கடையில் யாருக்கும் தூக்கம் கிடையாது. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கான பேனர், அன்னதான நோட்டீஸ், வரவேற்பு ஃப்ளெக்ஸ் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். அப்படி ஒரு வாரத்தில், வேலைக்குச் சேர்ந்து இருபது நாள்கூட ஆகாத பெண் ஒருத்தி எனக்குப் போன் செய்தாள். "இன்னாக்கா இது, எல்லாமே மஞ்சளா வந்துகினு இருக்குது. வெள்ளை பேப்பரே மஞ்சளா தெரியுது" என்றாள். நான் ஒரு கல்யாணத்துக்காக வெளியூரில் இருந்தேன். சர்வீஸ் செய்யும் ஒருவரைக் கூப்பிடச் சொன்னேன். அவர் வந்து பார்த்துவிட்டு, "விண்டோஸ் கரப்ட் ஆயிருக்கும், ஃபார்மட் போட்டுடலாம்" என்றார். போட்டும் விட்டார். கடையில் பல வருடமாகச் சேர்த்த தமிழ் எழுத்துருக்கள் போயின. நாங்கள் பேனர் டிசைன் செய்யும் கோரல்டிரா சாஃப்ட்வேரில் நான் எனக்கென்று அமைத்து வைத்திருந்த ஷார்ட்கட்டுகள் போயின. புது விண்டோஸ் ஏறியது. திரை அதே மஞ்சளில் எழுந்து நின்றது.

மறுநாள் காலை வந்து மானிட்டருக்குப் பின்னால் கையை விட்டேன். கம்ப்யூட்டரிலிருந்து படத்தைக் கொண்டுவரும் விஜிஏ கேபிளின் ஒரு பக்கத் திருகு கழன்று, பிளக் சாய்ந்து தொங்கியது. அழுத்தித் திருகினேன். வெள்ளை வெள்ளையாகிவிட்டது.

அந்தக் கேபிளில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனிக் கம்பியில் வருகின்றன. நீலம் வராமல் போனால் மீதி சிவப்பும் பச்சையும் சேர்ந்து மஞ்சளாகத் தெரியும். சிவப்பு போனால் திரை பச்சை கலந்த நீலமாகும். பச்சை போனால் ஊதா கலந்த சிவப்பாகும். இது தெரிந்திருந்தால் போனிலேயே சொல்லியிருக்கலாம். டிசைன் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லித் தருவதெல்லாம் அன்றைக்குப் பிறகு கற்றுக்கொண்டதுதான். கோளாறு உங்கள் கையில் இருக்கலாம், ஃபைலில் இருக்கலாம், சாஃப்ட்வேரில், கிராஃபிக்ஸ் கார்டில், இல்லை கேபிள் மானிட்டரில் இருக்கலாம். எந்த இடம் என்று தெரிகிறவரை எந்த செட்டிங்கையும் தொடாதீர்கள்.

முதலில் வேலையைக் காப்பாற்றுங்கள்

திரை எப்படி ஆடினாலும் முதல் வேலை சேவ் செய்வது. பழைய பெயரின் மேலேயே சேவ் செய்யாமல், சேவ் ஆஸ் கொடுத்து பெயருக்குப் பின்னால் ஓர் எண் போடுங்கள். கெட்டுப்போயிருப்பது ஃபைலாக இருந்தால், நன்றாக இருந்த பழைய பிரதியின் மேல் கெட்டதை நீங்களே எழுதிவிடக் கூடாது அல்லவா?

திரை முழுக்கக் கருத்துவிட்டால் சேவ் ஆஸ் பெட்டி கண்ணுக்குத் தெரியாது. அப்போது மட்டும் கன்ட்ரோல்+எஸ் அடித்துவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். அப்புறம் விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். திரை ஒருமுறை கண் சிமிட்டும். கிராஃபிக்ஸ் கார்டை இயக்கும் டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும். திறந்து வைத்திருக்கும் ஃபைல் எதுவும் மூடாது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் உண்டு. பவர் பட்டனைத் தேடிக் கை போவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு இடத்தில் பாருங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். செலவும் இல்லை. கோளாறு தெரியும் நேரத்தில் விண்டோஸ் கீ+ஷிஃப்ட்+எஸ் அழுத்தி திரையைப் படமெடுங்கள். அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் உங்கள் செல்போனுக்கே அனுப்பிப் பாருங்கள். அதே மானிட்டரில் பார்ப்பதில் பயனில்லை. ஓட்டைச் சல்லடையை ஓட்டைச் சல்லடை வழியாகப் பார்ப்பது மாதிரி.

செல்போனில் அந்தக் கோடு, கட்டம், கிழிசல் தெரிந்தால் கோளாறு கம்ப்யூட்டருக்கு உள்ளே இருக்கிறது: ஃபைல், சாஃப்ட்வேர், கார்டு, டிரைவர் இவற்றில் ஒன்று. செல்போனில் படம் சுத்தமாக இருந்தால் கேபிள் அல்லது மானிட்டரைப் பாருங்கள். கார்டின் கேபிள் சொருகும் இடமும் இதில் சேர்த்திதான்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. விண்டோஸில் நைட் லைட் என்று ஒன்று இருக்கிறது. மாலையானால் திரையை மஞ்சள் கலந்த செம்மையாக மாற்றும். அது ஸ்கிரீன்ஷாட்டில் வராது. அதனால் "படம் நன்றாக இருக்கிறது, மானிட்டர்தான் போச்சு" என்று முடிவு கட்டிவிடுவீர்கள். சாயங்காலம் மட்டும் நிறம் மாறுகிறது என்றால் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பக்கம் போய் நைட் லைட் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கையோடு மூன்று கேள்விகளையும் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லா சாஃப்ட்வேரிலும் வருகிறதா, ஒன்றில் மட்டுமா? எல்லா ஃபைலிலும் வருகிறதா, ஒன்றில் மட்டுமா? ஜூம் செய்தால் மாறுகிறதா? பதில்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதுங்கள். பத்து நிமிஷம் கழித்து நிச்சயம் குழம்பும்.

கேபிளும் மானிட்டரும்

ஸ்கிரீன்ஷாட் சுத்தம் என்றால் கேபிளைக் கழற்றி மறுபடி சொருகுங்கள், இரண்டு முனையிலும். விஜிஏ என்றால் திருகையும் இறுக்குங்கள். மானிட்டரில் ஆட்டோ பட்டன் இருந்தால் ஒருமுறை அழுத்துங்கள். படம் ஒரு பக்கமாக நகர்ந்து நின்றால் அதிலேயே சரியாகும்.

நெட்டாக ஒரு கோடு எப்போதும் ஒரே இடத்தில் நிற்கிறதா? மானிட்டரின் சொந்த மெனுவை, அதாவது வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் அந்தச் சின்னப் பெட்டியை, திரையில் கொண்டு வாருங்கள். கோடு அந்த மெனுவின் மேலேயும் ஓடினால் பேனல் பழுது. கம்ப்யூட்டரை என்ன செய்தாலும் மாறாது.

எழுத்தெல்லாம் மங்கலாக, லேசாகக் கண்ணீர் நிறைந்த கண்ணில் பார்ப்பதுபோல் இருந்தால் ரெசல்யூஷனைப் பாருங்கள். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 'ரெகமண்டட்' என்று எதன் பக்கத்தில் இருக்கிறதோ அதையே வையுங்கள். டிவியை மானிட்டராக மாட்டியிருக்கும் கடைகளில் ஓரம் வெட்டுப்படுவதும் கறுப்பு சாம்பலாகத் தெரிவதும் சகஜம். அதை டிவி மெனுவில்தான் திருத்த வேண்டும்.

காசு கொடுத்து கிராஃபிக்ஸ் கார்டு போட்டுவிட்டு, மானிட்டர் கேபிளை மதர்போர்டின் துளையிலேயே சொருகி வைத்திருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். கார்டு உள்ளே சும்மா உட்கார்ந்திருக்கும். சிபியுவின் பின்பக்கத்தில் துளைகள் இரண்டு இடத்தில் இருக்கும். கீழே தள்ளிப் படுக்கைவசமாக இருப்பதுதான் பெரும்பாலும் கார்டுடையது.

கோளாறே இல்லாத கோளாறுகள்

புதியவர்கள் கூப்பிடும் பத்து முறையில் பாதிக்கு மேல், தெரியாமல் விரல் பட்ட கீதான் காரணம். கோரல்டிரா, ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர் மூன்றையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறவர்களை அதிகம் படுத்துவது கன்ட்ரோல்+ஒய். வேர்டில் பழகிய கை 'ரீடூ' என்று நினைத்து அதை அடிக்கும். இல்லஸ்ட்ரேட்டரில் அடித்தால் நிறமெல்லாம் மறைந்து வெறும் கோட்டுருவம் மட்டும் நிற்கும். ஃபோட்டோஷாப்பில் அடித்தால் நிறங்கள் மங்கும். அச்சில் எப்படி வரும் என்று காட்டும் ப்ரூஃப் முறை அது. அந்த முறையில் இருக்கும்போது மேலே ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் கலர் மோடோடு இன்னொரு பெயரும் ஒட்டியிருக்கும். கோரல்டிராவில் அடித்தால் பொருள்கள் கிரிட்டில் ஒட்டி ஒட்டி நகரும், "மவுஸ் இழுக்குதுக்கா" என்பார்கள். மூன்றுக்கும் மருந்து ஒன்றுதான்: அதே கன்ட்ரோல்+ஒய்யை இன்னொரு முறை.

இன்னும் சில. ஃபோட்டோஷாப்பில் பிரஷ்ஷின் வட்டம் போய் கூட்டல் குறி மாதிரி வந்தால் கேப்ஸ் லாக் ஆனில் இருக்கிறது. ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர் இரண்டிலும் பேனல்கள் மொத்தமாகக் காணாமல் போனால் டேப் கீ. ஃபோட்டோஷாப்பில் மெனுவே மறைந்துவிட்டால் எஃப் எழுத்தை இரண்டொரு தடவை தட்டுங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் பொருளைச் சுற்றிய பெட்டி வரவில்லை என்றால் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+பி. இங்க்ஸ்கேப் என்ற டிசைன் சாஃப்ட்வேரில் எல்லாம் கம்பிக்கூடாகத் தெரிந்தால் கன்ட்ரோலோடு நம்பர் பேடில் உள்ள 5.

கோரல்டிராவில் வியூ மெனுவைப் பாருங்கள்: வயர்ஃப்ரேம், டிராஃப்ட், நார்மல், என்ஹான்ஸ்டு என்று வரிசையாக இருக்கும். வயர்ஃப்ரேமில் நிறம் தெரியாது. டிராஃப்டில் கிரேடியன்ட் ஒழுங்காகத் தெரியாது. நார்மலில் ஓரங்கள் பல் பல்லாகத் தெரியும். என்ஹான்ஸ்டுதான் உண்மைக்கு அருகில். ஷிஃப்ட்+எஃப்9 கடைசியாகப் பயன்படுத்திய இரண்டு முறைகளுக்கு நடுவே தாவும், அதனால்தான் தெரியாமல் மாறிவிடுகிறது. பொருளை நகர்த்திய இடத்தில் அதன் நிழல் மாதிரி கறை தங்கினால் கன்ட்ரோல்+டபிள்யூ அடியுங்கள், திரை புதிதாக வரையப்படும். ஆனால் ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர் போன்ற அடோபி சாஃப்ட்வேர்களில் அதே கன்ட்ரோல்+டபிள்யூ ஃபைலை மூடும். "சேவ் செய்யவா?" என்று கேட்கும்போது பதற்றத்தில் 'நோ' அழுத்தியவர்கள் உண்டு. நானும் அழுத்தியிருக்கிறேன்.

கார்டை ஓரம் கட்டிப் பாருங்கள்

கீ எதுவும் காரணமில்லை, ஸ்கிரீன்ஷாட்டிலும் கோளாறு தெரிகிறது, ஒரே ஒரு சாஃப்ட்வேரில் மட்டும் வருகிறது. இப்போதுதான் செட்டிங்கைத் தொடலாம்.

டிசைன் சாஃப்ட்வேர்கள் திரையில் வரைகிற வேலையில் ஒரு பகுதியை கிராஃபிக்ஸ் கார்டிடம் ஒப்படைக்கின்றன. ஜூம் வழுக்கிக்கொண்டு போவது அதனால்தான். கார்டுக்கும் சாஃப்ட்வேருக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளர் மாதிரி நிற்பது டிரைவர். டிரைவர் பழையதாகவோ, விண்டோஸ் அப்டேட்டில் தானாக மாறியதாகவோ இருந்தால் கறுப்புக் கட்டங்கள், கலைந்த சதுரங்கள், பிரஷ் ஓடிய தடம் தெரியாமை எல்லாம் வரும். கார்டை விலக்கிவிட்டு வரையச் சொன்னால் சரியாகிறதா என்று பார்ப்பதுதான் இந்தப் படி.

இல்லஸ்ட்ரேட்டரில் இது ரொம்ப சுலபம்: கன்ட்ரோல்+இ. ஒரு முறை அழுத்தினால் சிபியு (பெட்டியை அல்ல, அதற்குள் இருக்கும் ப்ராசசரைச் சொல்கிறேன்) வரையும், இன்னொரு முறை அழுத்தினால் ஜிபியு, அதாவது கிராஃபிக்ஸ் கார்டு வரையும். சிபியுவில் படம் சரியாகத் தெரிந்தால் குற்றவாளி கார்டு அல்லது டிரைவர். அவசர வேலை என்றால் சிபியுவிலேயே முடித்துக் கொடுத்துவிட்டு அப்புறம் டிரைவரைப் பாருங்கள்.

ஃபோட்டோஷாப்பில் எடிட் மெனு, பிரிஃபரன்சஸ், பெர்ஃபாமன்ஸ். அங்கே 'யூஸ் கிராஃபிக்ஸ் ப்ராசசர்' என்ற டிக்கை எடுத்துவிட்டு, ஃபோட்டோஷாப்பை மூடித் திறங்கள். சரியானால் உடனே அப்படியே விட்டுவிடாதீர்கள். டிக்கை மறுபடி போட்டு, பக்கத்தில் அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் டிராயிங் மோட் என்று இருந்தால் அதை 'பேசிக்' என்று வைத்துப் பாருங்கள். பல பழைய கார்டுகள் அதில் சமாளித்துவிடும். டிக்கை முழுவதும் எடுத்தால் கேன்வாஸைச் சுழற்றிப் பார்க்கும் ரொட்டேட் வியூ போன்ற சில வசதிகள் வேலை செய்யாது. பிரிஃபரன்சஸிலேயே ஸ்கிராட்ச் டிஸ்க், அதாவது ஃபோட்டோஷாப் தற்காலிகமாக எழுதிவைக்கும் இடம், எந்த டிரைவில் இருக்கிறது, அதில் இடம் இருக்கிறதா என்றும் கவனியுங்கள். சி டிரைவ் சிவப்பாக நிரம்பிக் கிடந்தால் திரை துண்டு துண்டாக வரும். ஃபோட்டோஷாப்பைக் குறை சொல்லிப் பயனில்லை.

கோரல்டிராவின் புதிய பதிப்புகளில் கன்ட்ரோல்+ஜே அழுத்தினால் ஆப்ஷன்ஸ் வரும். அதில் டிஸ்ப்ளே பகுதியில் வெக்டர் முன்னோட்டத்துக்கு ஜிபியுவைப் பயன்படுத்தும் டிக் ஒன்று இருக்கிறது. அதை எடுத்துப் பாருங்கள். பழைய எக்ஸ்3, எக்ஸ்4 வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கதையே இல்லை. இங்க்ஸ்கேப் பெரும்பாலும் சிபியுவை நம்பியே வரைவதால் அங்கே தொல்லை வேறு வகை: ப்ளர் போட்ட பொருள்கள் நிறைய இருந்தால் திரை இழுத்து இழுத்து வரும். வியூ மெனுவில் டிஸ்ப்ளே மோடை 'நோ ஃபில்டர்ஸ்' என்று மாற்றி வேலை செய்துவிட்டுக் கடைசியில் திருப்பிவிடுங்கள்.

இரண்டு கார்டு உள்ள லேப்டாப் என்றால் விண்டோஸ் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ் என்று போய் அந்த சாஃப்ட்வேருக்கு எந்தக் கார்டு என்று நீங்களே சொல்லலாம். காட்பாடிப் பக்கம் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் பிராஜெக்ட் போஸ்டரோடு கொண்டு வரும் லேப்டாப்புகளில் பாதி இதிலேயே சரியாகிவிடுகின்றன.

சரி, ஜிபியுவை எடுத்தும் மாறவில்லை. அப்புறம் சாஃப்ட்வேரின் நினைவைத் துடைக்கலாம். கோரல்டிராவைத் திறக்கும்போது எஃப்8 அழுத்திப் பிடித்தால் பழைய அமைப்புக்குப் போகும். ஃபோட்டோஷாப்பில் திறந்தவுடன் கன்ட்ரோல்+ஆல்ட்+ஷிஃப்ட் மூன்றையும் பிடித்தால் செட்டிங்ஸை அழிக்கவா என்று கேட்கும். இங்க்ஸ்கேப்பில் பிரிஃபரன்சஸுக்குள் சிஸ்டம் பகுதியிலேயே ரீசெட் பட்டன் இருக்கிறது. உங்கள் ஷார்ட்கட்டுகள், பிரஷ்கள் போகும் என்பதால் ஒர்க்ஸ்பேஸை முன்பே எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். என் ஷார்ட்கட்டுகளை நினைத்து இன்னும் எனக்கு வயிற்றெரிச்சல்.

ஒரே ஃபைலில் மட்டும் என்றால்

புதுத் தாள் ஒன்றைத் திறந்து, அந்த ஃபைலை அதற்குள் இம்போர்ட் செய்யுங்கள், கோரலில் கன்ட்ரோல்+ஐ. பல சமயம் இதிலேயே அழுக்கு கழன்றுவிடும். இல்லையென்றால் பாதிப் பாதியாக அழித்துப் பாருங்கள். பிரதி ஒன்றை எடுத்து, பக்கத்தில் உள்ள பொருள்களில் பாதியை அழியுங்கள். கோளாறு போச்சா? அப்படியானால் அது அழித்த பாதியில் இருந்தது. அன்டூ செய்து அந்தப் பாதியை மட்டும் மறுபடி இரண்டாக்குங்கள். இருநூறு பொருள் இருக்கும் பேனரில்கூட எட்டுத் தடவைக்குள் ஆளைப் பிடித்துவிடலாம். பெரும்பாலும் அது எங்கிருந்தோ இறக்கிய பூ மாலை, தோரணம், ஒளிவட்டம் மாதிரி ஆயிரக்கணக்கான நோடு (கோட்டின் வடிவத்தைப் பிடித்து வைக்கும் புள்ளிகள்) உள்ள ஒரு கிளிப் ஆர்ட்டாகத்தான் இருக்கும். அதைப் படமாக மாற்றிவிட்டால் முடிந்தது.

பிடிஎஃப்பில் தெரியும் மெல்லிய வெள்ளைக் கோடுகளைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். நிழல், ட்ரான்ஸ்பரன்சி போட்ட டிசைனைப் பிடிஎஃப் ஆக்கினால் நடுவே தலைமுடி மாதிரி வெள்ளைக் கோடு தெரியும். கஸ்டமர் அதைப் போனில் பார்த்துவிட்டு "கோடு வருதே" என்பார். பெரிதாக்கிப் பாருங்கள். ஜூம் கூட்டக் கூட்ட கோடு தடிக்காமல் அதே மெல்லிசாகவே இருந்தால், அல்லது சில ஜூமில் காணாமல் போனால், அது திரையின் மாயம். ட்ரான்ஸ்பரன்சியைத் தட்டையாக்கும்போது படம் துண்டுகளாக வெட்டப்படுகிறது. ஓரங்களை வழவழப்பாக்கும் வேலையில் துண்டுகளின் இடைவெளி வெள்ளையாகத் தெரிகிறது. அக்ரோபாட்டில் பிரிஃபரன்சஸ், பேஜ் டிஸ்ப்ளேயில் 'ஸ்மூத் லைன் ஆர்ட்' டிக்கை எடுத்தால் கோடு போய்விடும். போய்விட்டால் அச்சில் பொதுவாக வராது. ஜூமோடு சேர்ந்து தடித்தால் அது நிஜக் கோடு. டிசைனுக்குத் திரும்பிப் போங்கள்.

கோரல்டிராவில் ஹேர்லைன் என்ற மிக மெல்லிய தடிமன் வைத்த கோடு இதற்கு நேர் எதிர் ஏமாற்று வேலை செய்யும். எந்த ஜூமிலும் ஒரே தடிமனாகத் தெரியும், அச்சில் கண்ணுக்கே தெரியாமல் போகும். பில் புக் கட்டங்களுக்கு ஹேர்லைன் வைக்காதீர்கள்.

'வேலூர்' உடைந்து வந்தால்

எங்கள் வேலூரில், ஆற்காடு ரோடு என்று நாங்கள் சொல்லும் ஐடா ஸ்கடர் சாலையில் நடந்தால் லாட்ஜ் போர்டுகளில் தமிழுக்குப் பக்கத்திலேயே வங்காள எழுத்தைப் பார்க்கலாம். சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வருகிறவர்களில் வங்காளிகள் அவ்வளவு பேர். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கத்திலிருந்து உருது வேலை வரும். சித்தூர் எல்லை பக்கத்தில் என்பதால் தெலுங்கும் வரும். ஆகவே இந்த ஊரில் டிசைன் பழகுகிறவர் எழுத்து உடைவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே தெரிந்துகொள்ள வேண்டும்.

எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியீடான யூனிகோடில் 'வேலூர்' என்று தட்டினால் உள்ளே பதிவாவது ஆறு குறிகள்: வகரம், அதற்கப்புறம் ஏகாரத்தின் இரட்டைக்கொம்பு, லகரம், ஊகாரக் குறி, ரகரம், புள்ளி. கொம்பை முன்னால் கொண்டுவந்து வைப்பதும், ல-வையும் ஊகாரக் குறியையும் ஒட்டி 'லூ' ஆக்குவதும் சாஃப்ட்வேரின் எழுத்து இயந்திரம். அது வேலை செய்யாவிட்டால் கொம்பு வகரத்துக்குப் பின்னால் தொங்கும், ஊகாரக் குறி புள்ளி வட்டத்தோடு தனியாக நிற்கும். எழுத்துரு கெட்டுவிட்டது என்று நினைத்து வேறு வேறு ஃபான்ட் மாற்றிப் பார்ப்பார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஃபோட்டோஷாப்பில் பிரிஃபரன்சஸ், டைப் பக்கத்தில் டெக்ஸ்ட் இன்ஜினை 'வேர்ல்டு ரெடி' என்று மாற்றுங்கள். சற்றுப் பழைய பதிப்புகளில் அது 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்' என்ற பெயரில் இருக்கும். மாற்றிய பிறகு ஏற்கெனவே உடைந்து நிற்கும் வரி தானாகச் சேராவிட்டால் அழித்துப் புதிதாகத் தட்டுங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் பிரிஃபரன்சஸ், டைப்பில் 'ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்' டிக் செய்து, பாரகிராஃப் பேனலின் மூலை மெனுவில் வேர்ல்டு ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். கோரல்டிராவில் எக்ஸ்6 முதல் இந்த மொழிகளுக்கு ஆதரவு உண்டு. அதற்கு முந்தைய பதிப்பில் யூனிகோடோடு மல்லுக்கட்டாதீர்கள்.

பழைய கடைகளில் பாமினி, செந்தமிழ், டேப், டேம் என்று பல குறியீட்டு எழுத்துருக்கள் இன்னும் ஓடுகின்றன. அவை உண்மையில் ஆங்கில எழுத்துகள், மற்ற ரோமன் குறிகள் இவற்றின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்தவை. எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கிலக் குப்பையாக வரும். பாமினியில் 'அம்மா' என்று அடித்தது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தெரியும். இது கோளாறு அல்ல, எழுத்துரு இல்லை என்று அர்த்தம். கோரல்டிரா திறக்கும்போதே "இந்த ஃபான்ட் இல்லை, வேறு போடவா?" என்று ஒரு பெட்டி காட்டும். அதில் ஓகே அழுத்தும் வேகத்தை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் இருக்கும் பெயரைக் குறித்துக்கொண்டு, அந்த எழுத்துருவை ஏற்றிவிட்டு மறுபடி திறங்கள்.

என்ன எழுத்துரு என்று யாருக்கும் தெரியாத பழைய சி.டி.க்களும் வரும். முகவரியைப் பார்த்து வயதைக் குத்துமதிப்பாகச் சொல்வது எங்கள் கடையில் ஒரு விளையாட்டு. 'வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்' என்றிருந்தால் 1989க்கும் 1996க்கும் இடைப்பட்ட லெட்டர்பேடு, அது யூனிகோடாக இருக்க வாய்ப்பே இல்லை. ராணிப்பேட்டை மாவட்டம், திருப்பத்தூர் மாவட்டம் என்றிருந்தால் 2019க்குப் பிறகு. சில பேர் பழைய முகவரியை விடவே மாட்டார்கள் என்பதால் இது அப்படியொன்றும் சாத்திரம் இல்லை.

வங்காளம், உருது இரண்டிலும் உடைந்ததா சரியா என்று நம் கண்ணுக்குத் தெரியாது, ஆபத்தே அங்கேதான். உருதுவில் எழுத்துகள் வலமிருந்து இடமாக ஒன்றோடொன்று கைகோத்து வர வேண்டும். தனித்தனியாக நின்றால் உடைந்திருக்கிறது என்று மட்டும் நாம் சொல்லலாம். வங்காளத்தில் கூட்டெழுத்து பிரிந்துபோனால் அதுவும் தெரியாது. அதனால் வாசிக்கத் தெரிந்தவரிடம் காட்டி ஒப்புதல் வாங்கிவிட்டு, உடனே கர்வ் ஆக்கிவிடுங்கள், அதாவது எழுத்தை வெறும் வடிவமாக மாற்றிவிடுங்கள்: கோரலில் கன்ட்ரோல்+கியூ, இல்லஸ்ட்ரேட்டரில் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+ஓ. கர்வ் ஆக்காத பிரதி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கே போன் நம்பர் மாறும். உருது வேலையை இன்பேஜ் என்ற உருது சாஃப்ட்வேரில் தட்டி வாங்கி, வடிவமாக மட்டும் கொண்டுவந்து வைப்பவர்களும் இருக்கிறார்கள். அதுவும் நல்ல வழிதான்.

டிரைவரும் வெயிலும்

எல்லா சாஃப்ட்வேரிலும் கிழிசல் வருகிறது, ஸ்கிரீன்ஷாட்டிலும் தெரிகிறது என்றால் டிவைஸ் மேனேஜரைத் திறந்து டிஸ்ப்ளே அடாப்டர்ஸைப் பாருங்கள். அங்கே 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்றிருந்தால் உங்கள் கார்டுக்கு டிரைவரே ஏறவில்லை. கார்டின் பெயர் சரியாக இருந்து, நேற்று அப்டேட் ஆன பிறகுதான் தொல்லை என்றால் ப்ராப்பர்டீஸில் டிரைவர் பக்கம் போய் 'ரோல் பேக்' கொடுங்கள். புதிதாக ஏற்றுவதானால் கார்டு செய்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே எடுங்கள். என்விடியா கார்டுக்கு கேம் ரெடி, ஸ்டூடியோ என்று இரண்டு வகை உண்டு, நமக்கு ஸ்டூடியோ.

காலையில் நன்றாக இருந்து மதியம் இரண்டு மணிக்கு மேல் திரையில் புள்ளி புள்ளியாக, கட்டம் கட்டமாக வர ஆரம்பிக்கிறதா? அது சூடு. நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை என்று வேலூரைச் சொல்வார்கள். அந்த மலைகள் பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரி வரை திருப்பித் தருகின்றன. கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், ஷட்டர் கடையின் மூலையில், மேஜைக்கடியில், காற்று போகாமல் சிபியு இருந்தால் கார்டு என்ன செய்யும்? சிபியுவை அணைத்து, வயரைப் பிடுங்கி, பக்கப் பலகையைக் கழற்றுங்கள். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ப்ளோயரால் தூசியை ஊதுங்கள். பிடிக்காமல் ஊதினால் ஃபேன் தாறுமாறாகச் சுற்றிக் கெட்டுப்போகும். ரோட்டுப் பக்கக் கடையில் இதை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை செய்தால் நல்லது. பலகையைத் திறந்து வைத்து, டேபிள் ஃபேனைத் திருப்பிவிட்டு, மதியம் கோளாறு வரவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம்.

சர்வீஸுக்குக் கூப்பிட வேண்டிய நேரம் இதற்கப்புறம்தான். கூப்பிடும்போது "ஸ்கிரீன் சரியில்ல" என்று சொல்லாமல் ஸ்கிரீன்ஷாட்டையும், போனில் எடுத்த மானிட்டர் போட்டோவையும், அந்தத் துண்டுச் சீட்டில் எழுதியதையும் அனுப்புங்கள். ஃபார்மட் என்ற சொல் அவர் வாயில் வந்தால், எழுத்துரு ஃபோல்டரும் ஒர்க்ஸ்பேஸும் பென் டிரைவில் ஏறுகிறவரை கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

துண்டுச் சீட்டெல்லாம் தொலைந்துபோகிறது என்று கடையில் இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டிருக்கிறோம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும், செய்தவுடன் எழுத வேண்டும். மஞ்சள் திரைக்குப் போன் செய்த அதே பெண்ணின் கையெழுத்தில் கடைசிப் பக்கத்தில் இருப்பது இது: "இல்லஸ்ட்ரேட்டர். லுங்கி லேபிள் ஃபைல். ஜூம் பண்ணா கட்டம் கட்டமா உடையுது. போன்லயும் தெரியுது. வேற ஃபைல்லயும் வருது. கன்ட்ரோல்+இ போட்டா சரி. நேத்து அப்டேட் ஆச்சு. ரோல் பேக். சரி. 12 நிமிஷம்."